கடிதத்தில் இருமல் கேட்காது

எப்போதும்வென்றான்,
மாசி 12.

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகன் வேல்ராஜும் பேரனும் புனேயில் நல்ல சுகத்தோடு இருக்கக் கழுகுமலையான் துணையிருக்கட்டும். இங்கே நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் முக்கால் சுகம் என்று எழுதுகிறேன், மீதிக் கால் வந்துகொண்டிருக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குப் பேனாவைத் தூக்குகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறந்தால் எனக்கு முன்னால் இருமல் பேசுகிறது, நீயும் என் பேச்சை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறாய். நாலு ஞாயிற்றுக்கிழமை பேசினோம், நாலு தடவையும் நான் சொல்ல வந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை, அதற்குள் எம்மா நீ பேசாத, மூச்சு வாங்குது பாரு, போயிப் படு என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தில் இருமல் கேட்காது. இருமல் வந்தால் பேனாவைக் கீழே வைத்து, இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்ப எழுதுவேன், நடுவில் நீ வைத்துவிட முடியாது. எட்டயபுரம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தது இன்றைக்குத்தான் உருப்படியாக உதவுகிறது. கோபத்தில் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் புஞ்சையைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதற்கு நீ கையெழுத்துப் போடாதே. மாசி இருபத்தைந்தாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், நீ அதற்குள் உன் பங்குக்குப் பவர் எழுதி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டாய் என்றும், அதன் பிறகு நான் மூட்டை முடிச்சோடு புனேக்கு வந்துவிடுகிறேன் என்றும் உன் சித்தப்பா சங்கரபாண்டியன் என்னிடம் வந்து சொல்கிறார். நான் புனேக்கு வருகிறேன் என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இருபத்தொன்பது வருஷக் குத்தகையாம். எனக்கு இப்போது அறுபத்திரண்டு, திருப்பித் தரும்போது தொண்ணூற்று ஒன்று, அப்போது என்னை எழுப்பி இந்தா உன் நிலம் என்பார்களாக்கும். என் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நடக்காது, உன் அப்பா போன பிறகு பட்டாவில் உன் பெயரோடு என் பெயரும் ஏறியிருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் நீ போட்டுவிட்டால் நானும் போட்டுவிடுவேன். பெற்ற பிள்ளையை எதிர்த்து நாலு பேர் முன்னால் ரிஜிஸ்டர் ஆபீசில் நிற்க எனக்கு வராது. இப்போது எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான், நெஞ்சுச் சளி இல்லை. அதனால்தான் நீ போடுவதற்கு முன்னாலேயே இதை எழுதுகிறேன்.

சளி எப்படி வந்தது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, வந்துவிட்டது என்பதே உனக்குப் போதுமாக இருந்தது. கேள். தை ஐந்தாம் தேதி உளுந்து அடித்தோம். மிஷின் வந்தால் ஒரு பக்கம் உளுந்து விழும், பின்பக்கம் தோலும் சருகுமான பொட்டும் தூசியும் பறக்கும், அது உனக்குத் தெரிந்ததுதான். நம் ஆடு இரண்டுக்கும் சித்திரை வரைக்கும் தீனி அந்தப் பொட்டுதான். மிஷின்காரன் அவசரத்தில் காற்று போகிற திசைக்குப் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டான், பொட்டு முழுதும் ஓடைப் பக்கம் போகிறது. நான் தார்ப்பாயை விரித்துக்கொண்டு பின்பக்கமே போய் நின்றேன், மூன்று மணி நேரம். பக்கத்து வீட்டு ராதாமணி களத்திலிருந்து ஏக்கா, மூஞ்சியில துணியக் கட்டுங்க, கண்ணு மூக்கெல்லாம் தூசியா இருக்கு என்று கத்தினாள். துணியைக் கட்டிக்கொண்டால் மிஷின்காரனைத் திட்ட முடியாது என்று நான் கட்டவில்லை. அவனைத் திட்டியும் அவன் மிஷினைத் திருப்பவில்லை. பொட்டு ஐந்து மூட்டை சேர்ந்தது, மறுநாள் காலையில் துப்பினால் கரிசல் மண்ணாக வந்தது. சாயங்காலத்துக்குள் நெஞ்சில் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. இது மண்ணின் குற்றம் இல்லை, வயசின் குற்றம் இல்லை, என் வாயின் குற்றம். இருபது வயதுப் பையன் நின்றிருந்தாலும் அவனுக்கும் அடைத்திருக்கும்.

இரண்டு நாள் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி குடித்தேன், ராத்திரி தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தேன், சளி கொஞ்சம் இளகியது. மூன்றாம் நாள் காலையில் ஆவி பிடிக்கலாம் என்று தோன்றியது. நம் புஞ்சை வரப்பில் நிற்கிற நொச்சியில் ஒரு கைப்பிடி ஒடித்து வந்து, மஞ்சளும் ஓமமும் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையை மூடிக்கொண்டு குனிந்தேன். நாலு மூச்சு இழுத்திருப்பேன், தொண்டையில் மிளகாயை அரைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது. கண்ணில் தண்ணீர், வாயில் கசப்பு, போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து குடலே வெளியே வந்துவிடும்போல் இருமினேன். ராதாமணி ஓடி வந்து முதுகைத் தடவிக்கொண்டே, ஏக்கா, நொச்சி எங்கன பறிச்சிய என்று கேட்டாள். வரப்பில்தான் என்றேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். முந்தின நாள்தான் பக்கத்துப் புஞ்சை மாரிராஜ் அவன் மிளகாய்க்கு ட்ரோனை விட்டுப் பூச்சிக்கொல்லி அடித்திருக்கிறான். ட்ரோன் வரப்பைப் பார்த்தா அடிக்கிறது, நம் நொச்சிக்கும் சேர்த்துத்தான் அடித்திருக்கிறது. நான் அந்த விஷத்தைப் பானையில் போட்டு, மூடி போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு சொட்டு வீணாகாமல் போர்வைக்குள் வைத்து இழுத்திருக்கிறேன். நாற்பது வருஷமாகப் பிடிக்கிற ஆவி, இலையைக் கழுவ வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை, கழுவ வேண்டிய தேவையும் இருந்ததில்லை. இந்த முட்டாள்தனத்தை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லாமல் முடியாது, ஏனென்றால் அந்த நேரம் பார்த்துத்தான் உன் சித்தப்பா கம்பெனிப் பேப்பரோடு உள்ளே வந்தார். வந்தவர் தண்ணீர் மோந்து தரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கோ பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் பதிவுசெய்து அனுப்பி நீ கேட்டு அழுதாயே, நாற்பது செகண்ட் இருமல், அது அந்த இருமல்தான். அது சளியும் இல்லை, நோயும் இல்லை, மாரிராஜ் வீட்டு மிளகாய்க்கு அடித்த மருந்து. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை உனக்கு நான் சொல்லித்தந்ததுதான், வாட்ஸ்அப்பில் வந்ததும் மறந்துவிட்டாய்.

உன் சித்தப்பாவை ஒரேயடியாகக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். அவர் பங்கைக் கம்பெனிக்கு விட்டாயிற்று, நம் நிலமும் சேர்ந்தால் அவர் மகனுக்கு அங்கே காவல் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று எந்த அப்பனும் நினைப்பான். மறுநாள் அவர் வீட்டிலிருந்து நாட்டுக்கோழிச் சாறும் வந்தது, குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. மதினி, என்னத்துக்கு இந்தப் பாடு, கையெழுத்தப் போட்டுட்டு மககிட்டப் போயி காலாட்டிக்கிட்டு இருங்க என்று தூக்குவாளியைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். காலை ஆட்டுவதற்கு நான் என்ன தொட்டில் பிள்ளையா. உன்மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் நீ ஏன் அப்படிப் பயந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். இருமல் சத்தம் கேட்டால் உனக்கு அப்பா படுத்திருந்த கட்டில்தான் கண்ணில் வரும். உன் அப்பாவுக்கும் இப்படித்தான் புரட்டாசியில் ஒரு இருமலாக ஆரம்பித்தது. சளிதான், சளிதான் என்று நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், அவரும் ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசிக்கொண்டே குடித்தார், மெலிந்துகொண்டே வந்தார், விதைப்புக் கழித்துப் போகலாம், தீபாவளி கழித்துப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே போய்த் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது நுரையீரலில் கட்டி முற்றிவிட்டது என்றார்கள். நீ வந்து அவரைப் பார்த்தது கடைசிப் பதினோரு நாள். அந்த இரண்டு மாசத்தை நீ எனக்கு மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். நானும் மன்னிக்கவில்லை. இதை நாம் இரண்டு பேரும் ஆறு வருஷமாகப் பேசாமல் இருக்கிறோம், இன்றைக்கு எழுதிவிட்டேன்.

அதனால்தான் இதையும் கவனமாகப் படி. தை இருபத்தேழாம் தேதி, சளி வந்து மூன்று வாரம் முடிந்த அன்றைக்கு, திப்பிலியும் அதிமதுரமும் வாங்கக் கோவில்பட்டிக்குப் போனேன். எட்டயபுரத்தில் பஸ் மாறும்போதே நல்ல இருமல், பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள், எனக்கு ஜன்னல் கிடைத்தது. ஷேக் பரீத் பாய் நாட்டுமருந்துக் கடையில் வழக்கம்போல் போய் நின்று சொன்னேன். அவர் பேப்பரைக் கிழித்தார், திப்பிலியை நிறுத்தார், நான் இரண்டு தடவை இருமினேன். அவர் மடித்துக்கொண்டிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் திப்பிலியைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டார். எத்தன நாளாக்கா என்று கேட்டார். மூணு வாரம் என்றேன். யக்கா, மூணு நாளுன்னா மடிச்சுத் தாரேன், மூணு வாரத்துக்கு நான் தர மாட்டேன், மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு மடிச்ச பொட்டலத்த நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்காது என்று உன் அப்பாவை நினைத்துச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காசு கொடுத்து வாங்க வந்தவளுக்குச் சரக்கு இல்லை என்று சொல்ல நீர் யார் என்று கடை வாசலிலேயே கேட்டேன். அவர் உள்ளே பார்த்து மகள் நபீசாவைக் கூப்பிட்டு, இவியள பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா என்றார். அந்தப் பிள்ளை துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து என் பையை வாங்கிக்கொண்டது, பை போனால் நானும் போக வேண்டியதுதானே. ஆஸ்பத்திரிச் சுவரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. உன் அப்பாவோடு வந்திருந்தால் அன்றைக்கே அதைப் படித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், டப்பாவில் சளி துப்பச் சொன்னார்கள், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் நான் பயந்தேன். உன்னிடம் மறைக்கவில்லை, நன்றாகவே பயந்தேன், பீரோவைத் திறந்து பட்டாவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன், ஆட்டை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்தேன்.

டிபி இல்லை, கட்டி இல்லை. தூசியால் மூச்சுக்குழாய் வீங்கி அதில் சளி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ரிசல்ட் சீட்டின் ஜெராக்ஸை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார், வேண்டுமானால் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு. ஐந்து நாளைக்கு மாத்திரை, ஒரு மாதத்துக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் கொடுத்தார்கள். டாக்டர் உன் வயசுப் பிள்ளைதான். நொச்சிக் கதையைச் சொன்னேன், சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, அம்மா, ஆவி பிடிங்க, கஷாயம் குடிங்க, நான் வேண்டாங்கல, ஆனா வெறும் தண்ணியே போதும், எலைய நம்பாதீங்க என்றது. மூக்கை மூடுகிற கப் மாதிரி மாஸ்க் இல்லாமல் இனிமேல் களத்துக்குப் போகக்கூடாது என்றும் சொன்னது. மூன்று வாங்கிவிட்டேன், ஒன்று ராதாமணிக்கு. அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கொத்தமல்லிச் செடி அடித்தபோது மிஷின்காரன் என்னை யாரென்று தெரியாமல் சைகை காட்டினான், மாஸ்க்குக்குள் இருந்தே திட்டினேன், நன்றாகவே கேட்டது. இதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். டாக்டர் என்று ஆரம்பித்தேன், இருமல் வந்தது, நீ அழ ஆரம்பித்துவிட்டாய், உன் அழுகையைக் கேட்டுப் பேரன் அழுதான், மருமகன் போனை வாங்கி அத்தை, ரெஸ்ட் எடுங்க என்றார். நல்ல செய்தி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நீயும் போன வாரம் மூக்கடைத்த குரலில்தான் பேசினாய், பேரனுக்கும் நெஞ்சு கர்புர் என்று சத்தம் போடுகிறது என்றாய். அம்மா சொன்னால் கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். நெஞ்சில் கட்டின சளி இளகுவதற்கு வேண்டியது சூடும் ஈரமும். வெதுவெதுப்பான தண்ணீரை நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, அதுவே பாதி வைத்தியம். பேரனைக் கொதிக்கிற பானையின்மேல் குனியவைக்காதே, ஒரு தட்டு தட்டினால் கொட்டிவிடும், உங்கள் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி அவனை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார், கதை சொல்லு, அவனுக்குத் தெரியாமலே ஆவி பிடித்துவிடுவான். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிப் பிள்ளை நெஞ்சில் தேய்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே, உனக்கு நான் அப்படித் தேய்த்தேன்தான், சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று இப்போதுதான் தெரிகிறது. வெறும் எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவு, போதும். மூன்று வயது முடிந்துவிட்டதால் படுக்கும்போது ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம், கைப்பிள்ளைக்குத்தான் கூடாது. உனக்கு ஓமவல்லி இலை இரண்டைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துச் சாப்பிடு, பால்கனித் தொட்டியில் நான் நட்டுவைத்துவிட்டு வந்தது இருக்கும், நீ தண்ணீர் ஊற்றியிருந்தால். கழுவிவிட்டு வாட்டு. மிளகு ரசம் வை, தூதுவளை கிடைக்காவிட்டால் போகட்டும், உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நான் அந்த மருந்தைத்தான் மூன்று வாரத்துக்கு இழுத்தேன். நீ இழுக்காதே. காய்ச்சல் வந்து நின்றால் சரி, நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளையின் விலா எலும்பு உள்ளே இழுத்தாலோ, கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதை நான் இப்போது கற்றுக்கொண்டு சொல்கிறேன், இரண்டு பேர் கொடுத்த பாடம், ஒருவர் உன் அப்பா, இன்னொருவர் பரீத் பாய்.

இப்போது புஞ்சைக்கு வருகிறேன். சோலாருக்கு நான் எதிரி இல்லை, விட்டவர்கள் விட்டார்கள், அவரவர் பாடு அவரவருக்கு. எனக்கு விட மனசில்லை, காரணம் பெரிதாக ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்தால் எனக்குப் போக ஒரு இடம் வேண்டும். மழை பெய்தால் எப்போது விதைப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டும், உளுந்து போடுவதா பாசி போடுவதா என்று நான் சொல்ல வேண்டும், தப்பானால் நான் திட்டு வாங்க வேண்டும். உன் வீட்டுக்குப் போன வருஷம் வந்து இருபது நாள் இருந்தேன். நீ என்னை ராணி மாதிரி வைத்திருந்தாய், பொய் சொல்லக்கூடாது. பதினோராவது மாடியில் உட்கார்ந்து லிஃப்ட் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன காய் வைப்பது என்பதைக்கூட அங்கே போனில் ஆர்டர் எடுக்கிற கடைக்காரன்தான் முடிவு செய்கிறான். விருந்து என்றால் வருகிறேன், பேரனைப் பார்க்க ஆனியில் வருகிறேன், மூன்று நாளைக்கு முப்பது நாள் இருக்கிறேன், ஆனால் திரும்பிவிடுவேன். புரட்டாசியில் விதைப்பு இருக்கிறது. என்னால் முடியாத நாள் வரும், வராது என்று நான் சொல்லவில்லை. அந்த நாளில் நானே உன்னைக் கூப்பிட்டுப் பாண்டி, இனிமேல் முடியாதுட்டி என்று சொல்வேன், அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அதை என் இருமல் சொல்லக்கூடாது, உன் சித்தப்பா போன் சொல்லக்கூடாது. எனக்கு வருத்தம் என்னவென்றால், பதினைந்து நாளாக நீ அவரிடம் பேசியிருக்கிறாய், கம்பெனிக்காரனிடம்கூடப் பேசியிருக்கிறாய், எம்மா, உனக்கு என்ன வேணும் என்று என்னிடம் ஒரு தடவை கேட்கவில்லை. எப்போதும்வென்றான் என்று பெயர் வைத்த ஊரில் பிறந்து, வாழ்ந்து, இங்கேயே தோற்றுப்போ என்று சொந்த மகளே சொன்னால் நான் கேட்பேனா, யோசித்துப் பார்.

இங்கே மற்ற செய்தி என்றால், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா, பொட்டைத் தின்று தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்கிறது, அந்த ஐந்து மூட்டை வீண்போகவில்லை. ராதாமணியின் மகளுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது. மாரிராஜ் வந்து மன்னிப்புக் கேட்டான், இனிமேல் ட்ரோன் விடுவதற்கு முந்தின நாள் சொல்லிவிட்டு விடுவதாகச் சொல்லியிருக்கிறான், வரப்பு நொச்சியையும் அடியோடு வெட்டிவிட்டேன், தழைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பரீத் பாய்க்கு இரண்டு படி உளுந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். காசுக்குச் சரக்கு இல்லைன்னு சொன்ன கடைக்கு உளுந்தா என்று சிரித்தார். வாங்கிக்கொண்டார்.

கழுகுமலையான் அருளால் நீயும் மருமகனும் பேரனும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், பேரன் நெஞ்சில் சளி தங்காமல் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. பேசும்போது நடுவில் இருமல் வரும், இன்னும் ஒரு மாதத்துக்கு இருக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டது, வரட்டும். நீ எதுவும் சொல்ல வேண்டாம், அழ வேண்டாம், வைக்கவும் வேண்டாம். நான் இருமி முடித்து, தண்ணீர் குடித்து, செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலேயே வைத்திரு. உன் அப்பாவுக்கு அந்தப் பொறுமையை நாம் கொடுக்கவில்லை, எனக்குக் கொடு. அதற்குப் பிறகு எம்மா, உனக்கு என்ன வேணும் என்று கேள், நான் என் வாயால் சொல்கிறேன், அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்தை முடிவு செய். இதை எழுதி முடிப்பதற்குள் பதினான்கு தடவை இருமிவிட்டேன். உனக்கு ஒன்றுகூடக் கேட்டிருக்காது, நான் சொன்னது முழுவதும் கேட்டிருக்கும்.

இப்படிக்கு,
பட்டாவில் உன் பெயருக்கு மேலே பெயர் உள்ள
உன் அம்மா
மா. முப்பிடாதி